லூர்து அக்காவின் ஒற்றைச் சப்பாத்து

லூர்து அக்கா போய்விட்டாள்.

காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அவள் மகனிடமிருந்து பிரெஞ்சில் இரண்டே வரி. பிரான்சில் துலோன் ஊரில், ஆஸ்பத்திரியில், தூக்கத்திலேயே... கையில் இட்லித் தட்டோடு அப்படியே நின்றேன்.

என் பெரியப்பா மகள். என்னைவிட ஒன்பது வயது பெரியவள். கூடப்பிறந்த அக்கா இல்லாத எனக்கு அவள்தான் எல்லாம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரே வீடு, ஒரே பாய்.

இப்போது எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இதையெல்லாமா ஃபேஸ்புக்கில் போடுவது என்று மருமகள் முறைப்பாள். முறைக்கட்டும்.

பிரெஞ்சுக்காரன் போய், யார் யாருக்கு எந்த நாடு வேண்டும் என்று எழுதிக் கேட்ட சமயம். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பிரான்ஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மில் வேலையில் இருந்த என் அப்பா, "நான் எங்கயும் வரலண்ணா" என்று இருந்துவிட்டார்.

எனக்கு எட்டு வயது. நாடாவது மண்ணாவது... லூர்து அக்கா போகப்போகிறாள், அது மட்டும் புரிந்தது.

கப்பல் ஏறுவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து ஒரு 'புரோம்னாத்' போக வேண்டும் என்றார் பெரியப்பா. மற்றவர்கள் என்றால் கடற்கரையில் காலாற நடந்துவிட்டு வருவார்கள். இவருக்கு மலை வேண்டும்! செஞ்சிப் பக்கம் ஒரு காட்டிலாகா மலை. முதல் பஸ்ஸைப் பிடித்து, புளிச்சோற்றுத் தூக்கோடு இரண்டு குடும்பமும் கிளம்பினோம், ஆறு பேர்.

பெரியப்பா முன்னால் விசில் ஊதிக்கொண்டு, "ஆன் அவான்! ஆன் அவான்!" (முன்னேறு என்று அர்த்தம்.)

அம்மாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு. "இவுரு இன்னும் பட்டாளத்துலயே இருக்காரு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

அக்கா காலில் புதுச் சப்பாத்து. (எங்கள் வீட்டில் ஷூவுக்கு அதுதான் பெயர்.) கறுப்பு, லேஸ் வைத்தது, பிரான்சுக்கென்றே வாங்கியது. மலையில் நடந்து பழக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் உத்தரவு.

"அங்க குளுருல செருப்பெல்லாம் ஆவாதும்மா. சப்பாத்து இல்லன்னா கப்பல்லயே ஏத்த மாட்டான்."

அவர் சும்மா பயம் காட்டத்தான் சொன்னார். நான் அப்படியே நம்பினேன்.

பாதி மலையில் ஒரு சுனை. சுற்றிலும் சீத்தா மரங்கள், பாறை மேல் குரங்குகள். சப்பாத்து கடித்து அக்காவுக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு எனக்குச் சீத்தாப்பழம் பிட்டுக் கொடுத்தாள்.

அவள் கை கழுவக் குனிந்த நேரம்... சப்பாத்தில் ஒன்றை எடுத்துப் பாறை இடுக்கில் போட்டுவிட்டேன். ஆழமான இடுக்கு. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

இனி அக்காவைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். என் புத்தி அவ்வளவுதான்.

எல்லாரும் வெகுநேரம் தேடினார்கள். "கொரங்கு தூக்கினு போயிருக்கும்ணா" என்றார் அப்பா. பெரியப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பதினேழு வயசாவுது, ஒரு சப்பாத்தப் பாத்துக்கத் தெரியல! வெறுங்காலோடவே எறங்கு. அப்பத்தான் புத்தி வரும்."

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு அவரிடம், "என் தப்புதாம்ப்பா. தண்ணியில உட்டுட்டேன்" என்றாள்.

இறங்கும் வழியெல்லாம் காரை முள். மிச்சமிருந்த ஒற்றையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, நான் பின்னாலேயே போனேன். அவள் கால் வைத்த பாறையிலெல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம். நான்தான் போட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாவி... வார்த்தை வரவில்லை.

பஸ்ஸில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள், "உன் கால்ல எதனா ஏறிச்சாடீ?"

கப்பல் ஒன்றும் நிற்கவில்லை. பெரியப்பா வேறு ஜோடி வாங்கிவிட்டார். கடையில் இன்னொன்று கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

புறப்பட்ட அன்றும் அவளுக்குக் காயம் ஆறவில்லை. பாதத்தில் துணி சுற்றி, சப்பாத்தை மாட்டி, நொண்டிக்கொண்டேதான் வண்டி ஏறினாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "பாப்பு எங்க? பாப்புவக் கூப்புடுங்களேன்..." என்று கடைசிவரை என்னைத் தேடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு வருஷம் கழித்து அங்கிருந்து முதல் பார்சல். எனக்கு ஒரு ஜோடி சப்பாத்து. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்.

"ரெண்டும் இருக்குதான்னு பாத்துக்கடீ."

ஐயோ, அக்கா!

அதன்பின் யார் பிரான்சிலிருந்து வந்தாலும் எனக்குச் சப்பாத்து வரும். கல்யாணத்துக்கு, பிள்ளை பிறந்ததற்கு, ரிட்டயர் ஆனதற்கு... புதுச்சேரி வெயிலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு நான் எங்கே போக? வீட்டில் எல்லாரும் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நாலு தடவை ஊருக்கு வந்தாள். வீடியோ காலில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், கடைசியில் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன். அவளும் அந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாதம்கூட, "கால் வீங்குதுன்னியே... ஒரு சைஸ் பெருசா அனுப்பட்டா?" என்றாள்.

"இந்த வயசுல எனக்கு எதுக்குக்கா? சும்மா இரு" என்று சலித்துக்கொண்டேன்.

அனுப்பியிருக்கிறாள். முந்தாநாள் பெட்டி வந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று பீரோ மேல் வைத்திருந்தேன். செய்தியைப் பார்த்த பிறகு இப்போதுதான் பிரித்தேன்.

கறுப்பு. லேஸ் வைத்தது.

ரெண்டும் இருக்குதுக்கா. அன்னிக்கு ஒண்ண பாறை இடுக்குல போட்டது நான்தான்.

போய்ட்டு வா.