சினிமாவில் கதவைத் திறக்கும் அப்பாக்கள்

கலவரம் நடந்த நாடுகளைப் பற்றிய படங்களில் வரும் அப்பாக்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கதவு தட்டப்பட்டால் போதும், மனைவியைப் பின்னால் தள்ளிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்த் திறப்பார்கள். போன மாதம் மகளோடு பார்த்த படத்திலும் அதே கூத்துதான். அப்பா நாலு வார்த்தை பேசினார். வாளோடு வந்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

"சுத்தப் பொய்" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஏம்ப்பா கதவத் தொறக்கவே மாட்டீங்க?"

இவள் எப்போது இதைக் கவனித்தாள்? எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உள்ளதைச் சொன்னேன்.

நான் சின்னவனாக இருந்த கலவர நாட்களில், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை அறைகளாகக் கட்டிய எங்கள் லயத்தில் யார் தட்டினாலும் பெண்கள்தான் திறப்பார்கள். ஆண்கள் மூச்சுக் காட்டக்கூடாது. ஒரு ராத்திரி தட்டினபோது, தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா திறந்தாள். "அவரு வெலிமடைக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போயிட்டாரு" என்று சிங்களத்தில் சொன்னாள். அப்பா கட்டிலுக்கு அடியில், என் வாயைப் பொத்தியபடி கிடந்தார். அந்தக் கை நடுங்கியது. வெளியே நின்றவர்களைவிட அந்த நடுக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது. வரிசையில் கடைசிக் காம்பரா அறையில் இருந்தவர் மட்டும் தானே போய்த் திறந்தார்.

"அந்த மாமா திரும்பி வரவேயில்லையா?"

"இல்லம்மா."

இன்று பதுளை டவுனில் வாடகை வீடு. ஆனாலும் கதவு தட்டப்பட்டால் என் கால் எழாது. மனைவி ஹல்துமுல்லைத் தோட்டத்துக்காரி. அவள் வீட்டிலும் இதே வழக்கம்தான், அதனால் அவள் என்னிடம் காரணம் கேட்டதில்லை.

படம் பார்த்த மறுநாள் பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்காவது திறந்துவிடுவோம் என்று எழுந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்ததும் பின்னாலிருந்து யாரோ சட்டையை இழுத்தார்கள். மகள்தான்.

"வேணாம்ப்பா. அம்மா தொறக்கட்டும்."

மனைவி ஈரக் கையோடு வந்து திறந்தாள். பக்கத்து வீட்டு அம்மா பலாக்காய் கொண்டுவந்திருந்தார். அவர் போன பிறகும் மகள் என் சட்டையை விடவில்லை.

முந்தின நாள்வரை, யார் தட்டினாலும் முதல் ஆளாக ஓடிப்போய்த் திறந்தவள் அவள்தான்.