கேட்பதற்கு முன் வந்த பதில்

இது கதையில்லை. நடந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போங்கள், எனக்கொன்றும் கோபமில்லை. ஆனால் ஒன்று. இதை என்னிடம் சொன்ன ரிஃபத், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஆள். பெற்ற தாயே வந்து இந்த வயரில் கரண்ட் இல்லை என்று சத்தியம் செய்தாலும், டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவான். அப்படிப்பட்டவனுக்குப் பொய் சொல்ல என்ன தலையெழுத்து? அன்றைக்கு அவனோடு நானும் போயிருக்க வேண்டியது. காய்ச்சலில் படுத்துவிட்டேன். அந்தக் காய்ச்சலை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து முடித்த பையன்களுக்கு அங்கே மேற்கொண்டு ஆட்டோமேஷன் சொல்லிக்கொடுத்தார்கள். மில்களுக்குள் பி.எல்.சி. அப்போதுதான் எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தது. ஒரு பீரோ நிறைய ரிலேக்கள் டக்கு டக்கென்று செய்கிற வேலையை, டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி சத்தமில்லாமல் செய்துவிடும். அதைப் பார்த்து வாயைப் பிளந்த கூட்டம் நாங்கள்.

வெங்கடபதி சார் எங்கள் ஆசிரியர். தங்கமான மனுஷன், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எமன். மெஷினில் கை வைக்கப் போகிறவன் முதலில் மெயினுக்குப் போக வேண்டும். அங்கே பீங்கான் ஃபியூஸ் கேரியர் மூன்றையும் உருவ வேண்டும். உருவியதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொட வேண்டும். அடுத்தவன் கையில் கொடுக்கக் கூடாது, மேஜையில் வைக்கக் கூடாது. கேரியர் இல்லாமல் எந்தப் பாவியாலும் பவர் கொடுக்க முடியாதல்லவா? "உன் உசுரு உன் பாக்கெட்ல இருக்கோணும்" என்பார். மறந்தவனை ஒரு வாரம் ஒர்க்‌ஷாப் கூட்ட விட்டுவிடுவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை லீவில் மேட்டுப்பாளையம் ரோட்டு நூற்பு மில் ஒன்றில் எங்களுக்கு வேலை வந்தது. பெயர் வேண்டாம். பஞ்சை உதறிப் பிரிக்கிற பழைய மெஷின் ஒன்றுக்கு பி.எல்.சி. மாட்ட வேண்டும். விஜயதசமி காலையில் அதை ஓட்டிக் காட்டினால் வேலை செய்தவர்களுக்கு அங்கேயே வேலை என்று மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ரிஃபத்துக்கு அது போதும். அத்தா இறந்துபோன வீடு, அம்மா தையல் மெஷினை மிதித்து அவனைப் படிக்கவைத்தாள். அவனோடு போனவன் வம்சி, பீளமேட்டு நாயுடு வீட்டுப் பையன். ரெண்டு பேரும் ஐ.டி.ஐ. நாளிலிருந்தே ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

வயரிங் எல்லாம் முந்தின நாளே முடிந்துவிட்டது. பூஜை அன்று ட்ரையல் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் கந்தப்பன், யார் மெயினில் நிற்பது, யார் மெஷினில் நிற்பது என்று கேட்டார். சொன்னார்கள். கிழவர் கேட்டைப் பிடித்தபடியே, ரெண்டு பேரும் ஒரு பக்கமாகவே இருந்து பாருங்கள் தம்பி என்றார். மெயின் ரூம் ஒரு கோடியில், மெஷின் மறுகோடியில், நடுவில் ரெண்டு சுவர். ஒரே பக்கம் நின்று என்னத்தைப் பார்ப்பது? பெருசுக்குக் கரண்ட் சமாச்சாரம் தெரியவில்லை என்று வம்சி காதைக் கடித்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

மில்லில் காலையிலேயே பூஜை முடித்து ஆட்கள் கிளம்பியிருந்தார்கள். மெயின் போர்டுக்குச் சந்தனம், குங்குமம். கீழே வாழையிலையில் ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் பொரிகடலையும். வம்சி கேரியர் மூன்றையும் உருவினான். பையில் போடப் போன கை பாதியில் நின்றுவிட்டது. ஆயுத பூஜை அன்றைக்கு ஆயுதத்தைக் கொண்டுபோய்ப் பையில் திணிப்பதா என்று அவனுக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்து, மூன்றையும் இலையில் வைத்துக் கும்பிட்டான். நீதானே இங்கே நிற்கப் போகிறாய், ட்ரையலுக்கு ட்ரையல் நீயே மாட்டு, நீயே கழட்டி இலையில் வை என்று ரிஃபத்திடம் சொன்னான். அவன் சாமி, அவன் நம்பிக்கை, நாம் எதற்கு இடையில் புகுவது என்று ரிஃபத் விட்டுவிட்டான். வேறு எந்த நாளாக இருந்தாலும் ரெண்டு பேரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

ஏற்பாடு இதுதான். ரிஃபத் மெயின் ரூமிலிருந்து "போடட்டுமா?" என்று கத்துவான். மெஷினிலிருந்து வம்சி "போடு" என்பான். ட்ரையலுக்காக ஸ்டார்ட்டரை நேராகக் கட்டியிருந்தார்கள், பவர் வந்த நிமிஷம் மெஷின் சுற்றும். உள்ளே முள் முள்ளாக ஓர் உருளை. பஞ்சைக் கிழிக்கிற உருளைக்குக் கை எம்மாத்திரம்?

முதல் ட்ரையல் நன்றாகப் போயிற்று. இரண்டாவதும். சென்சாரைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும் என்று வம்சி கத்தினான். ரிஃபத் கேரியர்களை உருவி இலையில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். ஓடாத மில்லின் அமைதி இருக்கிறதே, அதை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. கூரையில் எங்கோ ஒரு தகரம் மட்டும் டிக்... டிக்... என்று வெயிலில் விரிந்துகொண்டிருந்தது.

மணி மூன்றேகால். கேட்கலாம் என்று ரிஃபத் வாயைத் திறந்தான்.

"போடு."

கேட்கவே இல்லை. அதற்குள் பதில். அவசரக்குடுக்கை என்று நினைத்துக்கொண்டே கேரியரைச் செருகி, மெயின் சுவிட்சின் கைப்பிடியைத் தூக்கினான். அங்கே உருளை உறுமிய சத்தத்தோடு வம்சியின் அலறலும் சேர்ந்து வந்தது. ரிஃபத் கைப்பிடியை இறக்கி, கேரியரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினான்.

வம்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை வெளியே எடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கேட்காமல் ஏன் போட்டாய் என்று ரிஃபத்தின் சட்டையைப் பிடித்தான். நீதானே போடச் சொன்னாய் என்றான் ரிஃபத். அவன் அம்மா மேல் ஆணையிட, இவன் குர்ஆன் மேல் ஆணையிட... கடைசியில் சுவரில் மோதித் திரும்பின ஏதோ சத்தம் என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொண்டார்கள். கேரியரை நீயே எடுத்துப் போ என்று ரிஃபத் கெஞ்சினான். தடவைக்குத் தடவை அங்கேயும் இங்கேயும் நடந்தால் இருட்டிவிடும், காலையில் மெஷின் ஓடாது, வேலையும் கிடைக்காது என்றான் வம்சி. வேலை என்றதும் ரிஃபத் ஒத்துக்கொண்டான். பெயர் சொல்லிக் கேட்பது, பெயர் சொல்லியே பதில் சொல்வது என்று முடிவானது.

ரிஃபத் திரும்பி வந்தான். அந்த அறை முன்பைவிடக் குளிர்ந்திருந்தது போல இருந்தது. சும்மா நினைப்பு என்று தலையை உதறினான்.

கொஞ்ச நேரம் போயிற்று. மூன்று கேரியரையும் செருகினான். கைப்பிடியைப் பிடித்தான்.

"வம்சி, போடட்டுமா?"

"ரிஃபத், போடு."

சரியான பதில். சரியான குரல். வம்சியேதான்.

கை தூக்கப் போனது. ஏனோ மனசு வரவில்லை. இன்னொரு தடவை கேட்டான்.

"வம்சி... போடட்டுமா?"

"ரிஃபத், போ..."

அதே நேரம், தூரத்தில், மெஷின் பக்கமிருந்து ஓர் இருமல்.

பஞ்சுத் தூசு தொண்டையில் சிக்கிய இருமல். வம்சியின் இருமல். விடாமல் வந்துகொண்டே இருந்தது.

இருமலுக்கு நடுவிலேயே அந்தக் குரல் சொல்லி முடித்தது.

"...டு."

இருமுகிறவன் எப்படிப் பேசுவான்?

ரிஃபத் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான்.

"போடு."

இந்தத் தடவை அவன் கேட்கவில்லை. குரலும் அங்கிருந்து வரவில்லை.

அறைக்குள்ளிருந்து வந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. யா அல்லாஹ், திரும்பிப் பார்க்கக் கூடாது... திரும்பவே கூடாது... என்று மட்டும் தோன்றியது. மூன்று கேரியரையும் பிடுங்கினான். சந்தனமும் குங்குமமும் அப்பியபடியே பையில் திணித்தான். வாசலுக்கு நடந்தான். கால் ஓட வரவில்லை.

"போட்டுட்டுப் போடா."

அப்புறம் ஓடினான்.

மெஷின் மூடி திறந்திருந்தது. வம்சி தோள்வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு, கன்னத்தைத் தகரத்தில் ஒட்டவைத்தபடி எதையோ தடவிக்கொண்டிருந்தான். ரிஃபத் இடுப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. என்னடா உனக்குப் பைத்தியமா என்று வம்சி கத்தினான்.

"ஏன்டா கைய உட்டே? நான் மெயின் போடப் போனேன்டா."

வம்சி அவனை வினோதமாகப் பார்த்தான்.

"நான் கேட்டுட்டுத்தானே உட்டேன். ஆஃபான்னு கேட்டேன். கேரியர் என் பாக்கெட்ல இருக்குது, பயப்படாம கைய உடுன்னு நீதான் சொன்னே."

சாமான்களை எடுக்கவில்லை. விளக்கை அணைக்கவில்லை. வேலையாவது ஒன்றாவது என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்தார்கள். கந்தப்பன் அவர்கள் ஓடிவந்த கோலத்தைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தன் காவல் கூண்டுக்குள்ளிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வம்சியின் ரெண்டு கையையும் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் கேட்டார்.

"கேக்கறக்கு முன்னாலயே சொல்லுச்சுங்களா?"

ரிஃபத் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு நிமிர்ந்தான். அதை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லையே...

கந்தப்பன் மெல்லச் சொன்னார். அவர் வாட்ச்மேனாகச் சேர்ந்தவர் இல்லை. அந்த மில்லின் எலக்ட்ரீஷியன். எண்பத்தைந்தில் அதே மெயினில் அவர் நின்றார், அதே மெஷினில் பங்காரு என்ற ஹெல்பர் பையன் நின்றான். கேட்பதற்கு முன்னாலேயே பங்காருவின் குரலில் போடுங்க என்று வந்தது, போட்டார். பையனைத் துணியில் அள்ளிக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். குரல் கேட்டது, குரல் கேட்டது என்று விசாரணையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஒருத்தர்கூட நம்பவில்லை. குடித்திருந்தான் என்று எழுதிவிட்டார்கள். பங்காருவின் தாய் தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். முதலாளி இரக்கப்பட்டுக் கேட்டில் உட்காரவைத்தார். பதினோரு வருஷமாக அந்த மெஷின் ஹாலுக்குள் அவர் கால் வைத்ததில்லை.

ரிஃபத்துக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. தெரிந்திருந்தும் கேட்டிலேயே ஏன் உடைத்துச் சொல்லவில்லை என்று கிழவரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டான். அவர் விலகவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"சொல்லியிருக்கோணுங்க. வாய் வரைக்கும் வந்துச்சுங்க கண்ணு. ஆனா... இன்னொருத்தராச்சும் அதைக் கேக்கோணும்னு இருந்துச்சுங்க. நான் பொய் சொல்லலைன்னு இந்த ஒலகத்துல ஒருத்தருக்காச்சும் தெரியோணும்னு இருந்துச்சுங்க."

வம்சி தன் கைகளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

அந்த மனுஷன் மேல் கோபப்படுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று ரிஃபத்துக்குத் தெரியவில்லை. கடைசியில், பங்காருதான் இன்னும் அங்கே சுற்றுகிறானா, அவனுக்கு ஏதாவது செய்து அமைதிப்படுத்த முடியாதா என்று கேட்டான்.

கந்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹாலின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பினார்.

"பங்காரு இல்லீங்க. என்கிட்ட அது போடுங்கன்னு சொன்னப்ப, பங்காரு உசுரோடதான இருந்தான்..."