அக்காவின் அரை நிமிடம்

போன மாதம் வரை என் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி கிடந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. போட்டுக் கேட்கவும் தைரியம் இல்லை. அதில் ஓர் அக்காவின் குரல் அரை நிமிடம் இருந்தது.

மகள்மாரை வெளிநாட்டு வீட்டுவேலைக்கு அனுப்பிய தாய்மார் மனம்விட்டுப் பேசுவதற்காக ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு குழு நடத்தினேன். என் பட்டத்துக்கான ஆய்வும் அதே குழுவை வைத்துத்தான். பதிவு செய்ய எல்லோரும் சம்மதித்திருந்தார்கள். மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஈரச் சேலையோடு பிள்ளைக் காம்பராவுக்கு வருவார்கள். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அறையில் கிடந்த ரப்பர் பந்துதான் எங்கள் ஒழுங்கு. பந்தை வைத்திருப்பவர் பேசுவார். அவர் அதை உருட்டிவிடும்வரை வேறு யாரும் குறுக்கிடக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான்.

அந்த அக்கா ஆறு மாதமாகப் பந்து வந்ததும் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்கு உருட்டிவிடுவார். "எனக்கென்னங்க மிஸ் இருக்கு சொல்ல" என்பார். ஒரு நாள் உருட்டவில்லை. மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். "அவ போகமாட்டேன்னுதாங்க அழுதா. என் கால புடிச்சிக்கிட்டு அழுதா. நான்தான்…"

என் கண் கருவியின் சிவப்பு விளக்குக்குப் போனது. பேட்டரி தீரப்போகிறது. குழுவை நடத்தியவளும் நான்தான், ஆய்வு செய்தவளும் நான்தான். அந்த நேரம் பார்த்து ஆய்வுக்காரி முந்திக்கொண்டாள். "ஒரு நிமிஷம் அக்கா" என்றேன். பேட்டரியை மாற்றிவிட்டு, "இப்ப முதல்ல இருந்து சொல்லுங்க" என்று வேறு சொன்னேன். வெட்கங்கெட்ட வாய்.

அக்கா கோபப்படவில்லை. "அவ்வளவுதாங்க மிஸ்" என்று பந்தை உருட்டிவிட்டார். அதன்பிறகும் தவறாமல் வந்தார். ஆனால் பேசவே இல்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது.

போன மாதம் அவருடைய மகள் கண்டியில் என் வீட்டைத் தேடி வந்தாள். தாய் இறந்த செய்தி கேட்டுத் திரும்பியவளுக்கு முகம் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லையாம். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, "அம்மா பேசுனது உங்ககிட்ட இருக்குன்னாங்க. ஒருக்கா கேக்கலாமா மிஸ்?" என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள்.

"நான்தான்னு சொல்லிட்டு, அப்புறம் என்னங்க சொன்னாங்க?"

"தெரியாதும்மா. நான் சொல்லவிடல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

கருவியை அவளுக்கே கொடுத்தேன். வாங்கிக் காதோடு வைத்து, மூன்றாம் தடவை அவளே போட்டாள். என் குரல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டாள்.