வலப்பக்கத்தில் ஒரு பாய்

இது நடந்தது. நம்புங்கள் என்று யார் காலிலும் விழப் போவதில்லை. போன செப்டம்பரில், ஃபால்மத் துறைமுகத்தில், ஒரு புதன்கிழமை எனக்கு நடந்தது.

என் பெயர் டாம்சின். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கடல் உயிரியலில் பட்டம் வாங்கினேன். அதற்கேற்ற வேலைகளெல்லாம் லண்டனில் அப்பாவுக்கு ஆள் தெரிந்த பிள்ளைகளுக்குப் போய்விட்டன. எனக்குக் கிடைத்தது பாய்ப்படகு கிளப்பின் மீட்புப் படகு. பந்தயத்தில் கவிழ்கிறவர்களைத் தண்ணீரிலிருந்து பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். பாதிப் பேர் நன்றிகூடச் சொல்ல மாட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் துறைமுகம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒரு பக்கம் பந்தயப் பாய்ப்படகுகள், நடுவில் பயணிகள் படகு, குறுக்கும் நெடுக்கும் விசைப்படகுகள். யார் யாருக்கு ஒதுங்குவது என்று தினமும் சண்டை. சட்டம் என்னவோ எளிதுதான். எஞ்சின் உள்ளவன் பாய்க்காரனுக்கு வழிவிட வேண்டும். பாய்க்காரன் தன் போக்கை மாற்றாமல் நேரே போக வேண்டும். ஆழமான கப்பல் பாதையில் மட்டும் கதை வேறு. அங்கே கப்பல் வந்தால் எந்தச் சின்னப் படகும் ஒதுங்கியே ஆக வேண்டும். கப்பலுக்கு நிற்கத் தெரியாது.

அன்று ஒரு பெரிய விசைப்படகு பந்தயத்துக்குள்ளேயே புகுந்து போனது. அது கிளப்பிய அலையில் லோவென்னாவின் படகு கவிழ்ந்து பாய்மரம் முறிந்தது. லோவென்னா என்னோடு பள்ளியில் படித்தவள். தண்ணீரில் விழுந்த பிறகும் அவள் வாய் ஓயவில்லை.

"டேய் தடியா! பாய்க்குத்தான்டா முதல் வழி!"

"கடல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? போடி!"

அவன் நிற்கவே இல்லை.

அவள் படகை நிமிர்த்தி, என் படகின் பின்னால் கட்டினேன். அதற்குள் மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். கிளப் செயலாளர் ஹ்யூகோ வயர்லெஸ்ஸில் வந்தார்.

"டாம்சின், அந்த இழுவைக் கயிறு புதுசும்மா. பாத்து இழு."

கயிற்றைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. லோவென்னா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. கரையோரமாகவே வடக்கே போனால் எங்கள் கிளப் இருக்கும் மைலர் வந்துவிடும். கரை எனக்கு இடப்பக்கம். வலப்பக்கம் வரிசையாகச் சிவப்பு மிதவைகள். அவற்றைத் தாண்டினால் கப்பல் பாதை. தாண்டாமல் போனால் போதும். பின்னால் லோவென்னாவிடம் எஞ்சின் இல்லை, பாய் இல்லை, துடுப்பும் இல்லை. நான் எங்கே போகிறேனோ அவளும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

மணி ஏழு நாற்பது. அப்போதுதான் அந்தப் பாய் தெரிந்தது.

வலப்பக்கம், கொஞ்சம் முன்னால். வெள்ளைப் பாய். சின்னப் படகு. என் படகின் கைப்பிடிக் கம்பிக்கு நேர் மேலே தெரிந்தது.

கடலில் ஒரு கணக்கு உண்டு. இன்னொரு படகு உங்கள் பார்வையில் முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டிருந்தால் பயமில்லை. ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால்... மோதப் போகிறீர்கள்.

அது கைப்பிடிக் கம்பியை விட்டு நகரவில்லை. பெரிதாகிக்கொண்டிருந்தது.

சரி, நான்தான் வழிவிட வேண்டும். வலப்பக்கம் திருப்பினேன். அதன் பின்னால் போய்விடலாம். நான் திரும்பத் திரும்ப, அது இடப்பக்கம் விலகிப் போயிருக்க வேண்டும்.

விலகவில்லை. அதே கம்பிக்கு மேலே. இன்னும் பெரிதாக.

"ஏய்! வழி விட்டாச்சு, போய்த் தொலையேன்!" என்று கத்தினேன்.

பந்தயக்காரர்கள் சும்மாவே கத்துகிற கூட்டம். இதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"யாரைடி திட்டுற?" பின்னாலிருந்து லோவென்னா.

"பாய்ப்படகு. வலப்பக்கம். தெரியல?"

"பனிதான் தெரியுது. பட்டதாரி அம்மா, கரை அந்தப் பக்கம். நீ எங்க போற?"

மறுபடி வலப்பக்கம் திருப்பினேன். அது மறுபடி அங்கேயே நின்றது.

அப்போதுதான் கவனித்தேன். காற்றே இல்லை. என் எஞ்சின் புகை நேராக மேலே போனது. ஆனால் அந்தப் பாய் புடைத்திருந்தது. புயலில் புடைப்பது போல.

அதன் சுக்கான் பக்கத்தில் யாரும் இல்லை. படகின் முன்னால் தண்ணீர் பிளக்கவே இல்லை.

எஞ்சினை நிறுத்தினேன். லோவென்னாவின் படகு பின்னால் வந்து... டொக்... என்று இடித்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நான் நின்றுவிட்டேன். அது இன்னும் அதே கம்பிக்கு மேலே. இன்னும் பெரிதாக.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. சிவப்பு மிதவை.

என் இடப்பக்கம்.

அது வலப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்?

கப்பல் பாதைக்குள் வந்துவிட்டேன்.

ப்பூ...ம்ம்ம்...

கப்பல் சங்கு. நீளமாக ஒரு ஊதல். காதில் கேட்பதற்கு முன் பாதத்தில் அதிர்ந்தது. அவ்வளவு பக்கம்.

"டாம்ஸ்... டாம்ஸ், கப்பலுடி..."

எஞ்சினைக் கிளப்பினேன். என் கை தானாகவே சக்கரத்தை வலப்பக்கம் திருப்ப ஆரம்பித்தது. பழக்கம். வழிவிடு. வழிவிடு.

இடப்பக்கம் திரும்பினால் அந்தப் பாய்க்குக் குறுக்கே விழுவேன். எந்த விசைப்படகுக்காரனும் செய்யக் கூடாதது அது.

எனக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்க ஒதுங்கி ஒதுங்கி வந்தவளுக்கு வருகிற கோபம்.

"வாடா. வந்து மோது."

இடப்பக்கம் ஒடித்தேன். முழு வேகம்.

அது வந்தது.

தலைக்கு மேலே... படபட... படபட... என்று பாய் அடித்துக்கொள்கிற சத்தம்.

நிழல் விழுந்தது. வெயிலே இல்லை. நிழல் விழுந்தது.

ஈரத்துணி ஒன்று என் கழுத்தைத் தடவிக்கொண்டு போனது.

பிறகு... ஒன்றுமில்லை.

கயிறு விண்ணென்று இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். லோவென்னா தன் படகுக்குள் தரையோடு தரையாகப் படுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சுவர் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. முடியவே முடியாத சுவர். அதன் அலை எங்களை மிதவைக்கு அந்தப் பக்கம் தூக்கி எறிந்தது.

மைலர் வரும்வரை மிதவைகளை வலப்பக்கம் வைத்தே ஓட்டினேன்.

மறுநாள் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். ரோந்துப் படகு ஓட்டும் ஜோரி டீ குடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவை வழிவிட்டே, பொண்ணே?"

"ரெண்டு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டென்சில்னு ஒருத்தன். நண்டுப் படகு வெச்சிருந்தான். நாலு வருஷம் ஆச்சு. பனி கினி ஒண்ணும் இல்ல, கண்ணாடி மாதிரி சாயங்காலம். கப்பல்காரன் பாத்துட்டே இருக்கான், இவன் நேரா முன்னால போய் விழுந்துட்டான். குடிச்சிருந்தான்னு ஊரே சொல்லிச்சு. அவன் பொண்டாட்டி ஊரை விட்டே போயிட்டா."

"குடிச்சிருந்தாரா?"

"இல்ல. கடைசியா வயர்லெஸ்ல கூப்பிட்டான். அன்னிக்கு இந்த நாற்காலில நான்தான் உக்காந்திருந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். அவனைச் சுத்தி ஒரு பாய்கூடக் கிடையாது."

"என்ன சொன்னார்?"

ஜோரி ஜன்னல் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"'நான்தான் வழிவிடணும் ஜோரி, தெரியும். விட்டுக்கிட்டேதான் இருக்கேன். போக மாட்டேங்குது.'"