நீலப் படைக்குப் பன்னிரண்டு கூடுதல்

பல்காஷ் ஊரில் கைசாரைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். செத்த கம்ப்யூட்டரைப் பிழைக்க வைப்பான் என்பது ஒன்று. தாயைக் கண்போலப் பார்த்துக்கொள்கிற பிள்ளை என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் குழையும். அப்படிக் குழைகிறவர்களில் ஒருவர்கூட ஒரு நாள் வந்து அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்ததில்லை.

"கடைக்குட்டின்னா உன்ன மாதிரி இருக்கணும்ப்பா," என்பாள் கீழ்வீட்டு ரைஸா. எங்கள் ஜனங்களில் மூத்த பிள்ளைகள் சிறகு முளைத்ததும் பறந்துவிடலாம். கடைசிப் பையன் மட்டும் பெற்றவர்களோடு அதே அடுப்படியில் இருந்து அவர்களைக் கடைசி வழி அனுப்பிவைத்துவிட்டுத்தான் தன் பிழைப்பைப் பார்க்க வேண்டும்.

கைசாருக்கு அந்தப் பாராட்டைக் கேட்டாலே எரியும். "வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. நான் ஆட்டத்துல தோத்தேன் அக்கா. ரெண்டுக்கு ஒண்ணு. அதான் இங்க இருக்கேன்."

அது உண்மைதான். தொண்ணூற்றாறாம் வருஷம் கைசாருக்குப் பதினெட்டு. அண்ணன் தல்காத் அப்போதுதான் பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்தான். இரண்டு பேருக்கும் எல்லை தாண்டி இருக்கிற நோவோசிபிர்ஸ்க் நகரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே இருந்த தாய்மாமன் வீட்டிலோ ஒரே ஒரு கட்டிலுக்குத்தான் இடம். வழக்கப்படி பார்த்தால் பேச்சே இல்லை, போகிறவன் தல்காத். ஆனால் தம்பி மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைத் தல்காத்தால் பார்க்க முடியவில்லை. "கிழவனுங்க போட்ட சட்டத்த விடு. நாம ஆடித் தீர்த்துக்குவோம். ஜெயிச்சவன் போகட்டும், தோத்தவன் வீட்ல," என்றான்.

அப்போது பள்ளிக்கூடத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. இரண்டையும் இணைக்கிற கேபிளைத் தல்காத்தே ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தான். அதில் ஒரு டாங்கிச் சண்டை விளையாட்டு. எப்போதும் நீலப் படை தல்காத்துக்கு, சிவப்புப் படை கைசாருக்கு. அன்றைக்கு மூன்று ஆட்டம். முதலாவது தல்காத், இரண்டாவது கைசார், மூன்றாவது தல்காத். தோற்றவன் எழுந்து ஜெயித்தவனுக்குக் கை கொடுத்தான்.

அந்தக் கை கொடுத்ததைப் பிடித்துக்கொண்டுதான் கைசார் இருபத்து மூன்று வருஷத்தைத் தள்ளியிருந்தான். அப்பாவின் நுரையீரல் நோய், அவர் சாவு, அம்மாவின் பக்கவாதம், நகர மருத்துவமனையில் கம்ப்யூட்டர் மராமத்து வேலை. மனைவி ஒருத்தி இருந்தாள். நாலு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டுப் போய்விட்டாள். தல்காத்துக்கு இரண்டு மனைவிகள் வந்து இரண்டு பேரும் போய்விட்டார்கள், அதிலும் அண்ணன்தான் ஒன்று முன்னால். எவ்வளவு அலுத்துப்போனாலும் கைசார் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை இருந்தது: யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, நியாயமாக ஆடித் தோற்றேன்.

தல்காத் ஞாயிறுதோறும் போன் பேசுவான். அம்மாவின் உடம்பு, அங்கே எவ்வளவு குளிர், இங்கே எவ்வளவு காற்று. அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. 'இந்தக் குளிர்காலத்துக்கு நீ வந்து இருக்கிறாயா, எனக்கு முடியவில்லை' என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கைசார் நினைப்பான். கேட்கமாட்டான். தோற்றவனுக்குக் கேட்க என்ன உரிமை இருக்கிறது?

இருபத்து மூன்றாவது வருஷம் ஆகஸ்டில் தல்காத்தே ஆரம்பித்தான். "டேய், அந்த டாங்கி ஆட்டம் ஞாபகம் இருக்கா? நெட்டுல கெடைக்குது. இறக்கி வெச்சிருக்கேன். இங்கேருந்து அங்க ஆட முடியுமா? நீதான் பெரிய கம்ப்யூட்டர் மருத்துவனாச்சே."

"பழைய டாஸ் கம்ப்யூட்டர் ஆட்டம்ணே அது. ஒரே ரூம்ல கேபிள் போட்டாத்தான் பேசும்."

"சும்மா போன்ல இருமிக்கிட்டு இருக்கறதுக்கு அத பேச வைடா."

செய்து பார்ப்போம் என்று இறங்கினான். பழைய பள்ளிக் கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டபோது கைசார் ஒன்றின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி டீ டப்பாவில் போட்டு வைத்திருந்தான். அதிலிருந்து ஆட்டத்தை எடுத்தான். புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற மென்பொருள் ஒன்று உண்டு, ஆட்டத்தை அதற்குள் ஓட விட்டான். இரண்டு வீடுகளும் ஒரே அறை என்று அந்த ஆட்டத்தை நம்பவைக்க வேண்டியதுதான் பாக்கி.

அது லேசில் நம்பவில்லை. முதல் ஞாயிறு முழுக்க இணைப்பே கிடைக்கவில்லை. கைசார் வீட்டு இன்டர்நெட்காரன் பத்து வீட்டுக்குச் சேர்த்து ஒரே விலாசம் கொடுத்திருந்தான், வெளியிலிருந்து வருகிறவனுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. அதற்கு ஒரு சுற்றுவழி பிடித்தான். இரண்டாம் ஞாயிறு இணைப்பு வந்தது, ஆனால் டாங்கிகள் வெறிநாய் மாதிரி ஓடின, இந்தக் காலத்து வேகம் அந்தப் பழைய ஆட்டத்துக்குத் தாங்கவில்லை. இரு பக்கமும் வேகத்தைக் குறைத்து ஒன்றாக்கினான்.

உள்ளே கட்டிலிலிருந்து அம்மா பாகிலா சத்தம் போட்டாள். அவளுக்கு வலது பக்கம் விழுந்து எட்டு வருஷம் ஆகிறது. நாக்கு மட்டும் விழவில்லை.

"என்னடா வெடிக்குது அங்க?"

"அண்ணன்கூட விளையாடறேன்மா. டாங்கி."

"நாப்பது தாண்டின கழுதைங்க ரெண்டும் டாங்கி ஓட்டுதுங்க. அவன்கிட்ட சொல்லு, இங்க ஒரு டாங்கி எட்டு வருஷமா ரிப்பேர்ல கெடக்கு, வந்து தள்ளிவிடச் சொல்லு."

போனில் அது கேட்டிருக்க வேண்டும். வேகம் இப்போது சரியா என்று தல்காத் அவசரமாகக் கேட்டான்.

மூன்றாம் ஞாயிறு ஆட்டம் சரியாகவே தொடங்கியது. ஆறு நிமிஷம் போயிருக்கும்.

"பாலத்துக்கிட்ட இருந்த என் டாங்கிய ஒடச்சிட்டியே!" என்றான் கைசார்.

"உளறாத. நான்தான் ரெண்ட இழந்திருக்கேன். உன்னுது முழுசா நிக்குது."

"என் ஸ்கிரீன்ல என்னுது எரியுதுண்ணே."

"இங்க எரியறது என்னுது."

இருவரும் அவரவர் திரையில் வேறு வேறு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரிப் பழைய ஆட்டங்கள் படத்தை அனுப்பாது. 'இந்த டாங்கியை அங்கே நகர்த்து' என்ற கட்டளையை மட்டும் அனுப்பும். சண்டையில் யார் பிழைத்தது என்பதை இரண்டு கம்ப்யூட்டர்களும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். விதிகள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாக வரும். எங்கோ ஓர் எண் மாறியிருந்தால்கூடப் போதும், கொஞ்ச நேரத்தில் இரண்டும் பிரிந்துவிடும்.

"உன் ஆட்டத்த மொத்தமா எனக்கு அனுப்பு. ஒப்பிட்டுப் பாக்கறேன்," என்றான் கைசார்.

மறுநாள் மருத்துவமனையில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒப்பிட்டான். நூற்றுப்பன்னிரண்டு ஃபைல்கள். நூற்றுப்பதினொன்று அச்சு அசலாக ஒன்று. ஒன்றே ஒன்றில், ஒரே ஓர் இடத்தில் வித்தியாசம். நெட்டிலிருந்து வந்ததில் நீல டாங்கியின் கவசம் நாற்பது, சிவப்பு டாங்கிக்கும் நாற்பது. டீ டப்பாவிலிருந்து எடுத்ததில் சிவப்பு நாற்பது. நீலம் ஐம்பத்திரண்டு.

அந்த ஃபைலை யாரோ திறந்து மாற்றிய தேதியும் அதிலேயே இருந்தது. 1996 ஆகஸ்ட் ஒன்பது. அவர்கள் மூன்று ஆட்டம் ஆடியது பத்தாம் தேதி.

இந்த மாதிரி எண்ணைத் தோண்டி மாற்றுகிற வித்தை அப்போது பல்காஷில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் கம்ப்யூட்டர் வாத்தியார் ஷ்மிட், அவர் அந்த வசந்தத்திலேயே குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போய்விட்டார். இன்னொருவன் கேபிளைப் பற்றவைத்த தல்காத், பள்ளிக்கூடச் சாவியும் அவனிடம்தான் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களிலும் ஒரே மாதிரி மாற்றிவிட்டதால் அன்றைக்கு ஆட்டம் பிரியவில்லை. ஒழுங்காக ஓடியது.

கைசார் கரண்டியைக் கீழே வைத்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை, உடம்புதான் இரண்டு மடங்கு கனத்தது. கட்டிப்போட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று வருஷமாக அவன் கட்டுண்டு கிடந்திருக்கிறான், அது தெரியாமல் பெருமை வேறு பட்டுக்கொண்டு. ஊரெல்லாம் சொல்லி வேறு வைத்திருந்தான், ரெண்டுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு என்று.

அந்த வாரமும் வழக்கம்போலப் போனது. அம்மாவுக்குச் சூப் ஊட்டினான், துணி மாற்றினான், வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டினான். வெள்ளிக்கிழமை அவள் டீக்கிண்ணத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணன்கூட சண்டையா?"

"இல்லமா."

"பொய் சொல்லாத. டீயில பால் ஊத்தாம குடுத்திருக்க. நான் என்ன ஆஸ்பத்திரியிலயா இருக்கேன்?"

அவன் பாலை ஊற்றிக் கொண்டுவந்தான். அவள் இடது கையால் அவன் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பிற்பகல் போன் வந்தது.

"கண்டுபிடிச்சியா மருத்துவரே? எங்க கோளாறு?"

"கண்டுபிடிச்சேன். ஒரே ஒரு நம்பர். உன்னுதுல நீலத்துக்குக் கவசம் நாப்பது. என்னுதுல ஐம்பத்திரண்டு."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது.

"தேதியும் போட்டிருக்குண்ணே. ஒம்பதாம் தேதி ஆகஸ்ட்."

தல்காத் பேசினான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அந்த டிஸ்க் எப்பவோ செத்திருக்கும்னு நெனச்சேன்டா."

"சாகல. டீ டப்பாவுல பத்திரமா இருந்துச்சு."

"கைசார்..."

"பேசாத. நீ கேக்காமலே போயிருக்கலாம். வழக்கமே உனக்குத்தான குடுத்துச்சு! போயிருந்தா உன்னத் திட்டிட்டாவது இருந்திருப்பேன். ஆட்டம்னு சொல்லி என்னையே ஒத்துக்க வெச்சியே, அதான்..." குரல் உடைந்தது. அவன் அதை மறைக்கவில்லை.

"நான் தோத்துடுவேனோன்னு பயந்துட்டேன்டா. அந்த மாசம் நீ என்னவிட நல்லா ஆடிட்டிருந்த. நல்லவனாவும் இருக்கணும், அந்த ஊருக்கும் போகணும். ரெண்டும் வேணும்னு இருந்துச்சு." பெருமூச்சு கேட்டது. "இப்ப எதுல ஆடறது? என்னுத அனுப்பட்டா, உன்னுத அனுப்புறியா?"

"என்னுதுல ஆடுவோம்," என்றான் கைசார். "ஐம்பத்திரண்டு அப்படியே இருக்கட்டும். ஆனா நீலம் எனக்கு. பந்தயம் அன்னைக்கு வெச்சதேதான். தோத்தவன் வீட்ல. நவம்பர்லேருந்து பனி உருகற வரைக்கும்."

"ஒரு ஆட்டமா?"

"அன்னைக்கு மூணு."

தல்காத் சரி என்றான். ஃபைல் போய்ச் சேர்ந்தது. இணைப்பு வந்தது.

முதல் ஆட்டத்தைத் தல்காத் ஜெயித்தான். கவசம் குறைந்த சிவப்பை வைத்துக்கொண்டு ஆற்றைச் சுற்றிப் பின்னால் வந்து அடித்தான். இதிலும் போய்விடுமோ என்று கைசார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டாவதைக் கைசார் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்தான். இந்தத் தடவை இரண்டு திரைகளிலும் ஒரே யுத்தம்தான் நடந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் பத்து நிமிஷம் சரிக்குச் சமமாகப் போனது. திடீரென்று சிவப்பு டாங்கிகள் அசையாமல் நின்றன. எட்டும் திறந்த வெளியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"அண்ணே? கனெக்‌ஷன் போயிடுச்சா?"

"இல்லடா. லைன் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நகத்து."

"நீ சுடு."

கைசார் விசைமேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விட்டுக்கொடுத்த ஆட்டம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அந்தப் பெருமைக்கு ஏற்கெனவே இருபத்து மூன்று வருஷம் கொடுத்தாகிவிட்டது. சுட்டான். எட்டையும் ஒவ்வொன்றாகச் சுட்டான்.

"நவம்பர் ஒண்ணாந்தேதி வந்துடறேன்," என்றான் தல்காத். "காலைல அம்மாவுக்கு என்ன குடுக்கணும்?"

கைசார் சொல்ல ஆரம்பித்தான். முதலில் மாத்திரை, பிறகு டீ, பால் ஊற்றிய டீ, அதில் ரொட்டியை ஊறவைத்து. எந்தப் பக்கம் முதலில் புரட்டுவது. எந்த விரல் நகம் வெட்டினால் கத்துவாள். செய்தியில் எந்த மந்திரி முகம் வந்தால் டிவியை அணைத்துவிட வேண்டும். தல்காத் எழுதிக்கொண்டான், இடையிடையே "இரு, இரு" என்றான். காகிதம் தீர்ந்து இன்னொன்று எடுக்கும் சத்தம் கேட்டது.

"இதெல்லாம் நீ தனியாவாடா?" என்றான் கடைசியில். பதிலுக்குக் காத்திருக்காமல் அவனே அவசரமாகப் பேசினான். "என் வீட்டுச் சாவியக் கையில தந்துடறேன். நீ நோவோசிபிர்ஸ்க் போ. காலேஜ் பக்கத்துலதான் வீடு. ஆத்தங்கரை, தியேட்டரு, எல்லாம் நடந்துபோற தூரம். என்னென்ன பாக்கணும்னு சொல்லு, எழுதி வெச்சிட்டு வரேன். மொதல்ல எங்க போவ?"

பதினெட்டு வயதில் அந்த ஊரின் தெருக்களை வரைபடத்தில் பார்த்தே மனப்பாடம் செய்து வைத்திருந்தவன் கைசார். இப்போது ஒரு தெருவின் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

"எங்கயும் போகலண்ணே," என்றான். "உன் வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திட்டுத் தூங்கப் போறேன்."