மூணு பெட்டியோட வாசல்

தேனீ வளக்கிற வேலைன்றது பாதி நேரம் பெட்டிய தொறக்காம சும்மா பாத்துகினு நிக்கிற வேலைதான். சிரிக்காதீங்கடா மச்சாங்களா, கம்பெனி லைன்ல நின்னுகினே தூங்குறவனுங்கதானே நீங்க. டிப்ளமோவ ரெண்டாவது வருஷம் வுட்டுட்டு, மூணு கம்பெனி மாத்தி, நாலாவதா நான் வந்து சேந்தது இதுல. ஒரகடத்துல ஒரு கம்பெனி, மரம் நட்ட எடத்துல மூணு தேன்பெட்டி வெச்சிருந்திச்சி. அதுங்கள பாத்துக்கணும். உங்கள ஒரே ஒரு சூப்பர்வைசர்தான் கொட்டுவாரு. என் கதைய யோசிச்சி பாருங்க.

மஞ்சக்கோடு

கம்பெனிக்கு பெரிய ஆளுங்க வராங்கன்னு எல்லா எடத்துலயும் மஞ்சக்கோடு போட்டாங்க. பெட்டிங்க கோட்டுக்கு வெளிய கீதுன்னு மேனேஜர் சார் சொன்னாரு. நானும் பட்டப்பகல்ல தூக்கி பத்தடி தள்ளி வெச்சிட்டு டீ குடிக்க போயிட்டேன். தேனீக்கு பெட்டி அடையாளம் கெடையாது, எடம்தான் அடையாளம். மேயப் போனதுங்க திரும்பி வந்து, ஒண்ணுமில்லாத எடத்துல கும்பலா சுத்திகினே இருந்திச்சிங்க.

அத மொதல்ல பாத்தவரு பக்கத்து கேட்டு செக்யூரிட்டி ஏகாம்பரம் அண்ணன். எனக்கு போன் போட்டு வரவெச்சி, பெட்டிங்கள பழைய எடத்துலயே வெக்க சொன்னாரு. அப்புறம் தெனம் ஒரு அடி, ஒரு அடின்னு அவரே நகத்தி கோட்டுக்குள்ள கொண்டாந்தாரு. என்னிய ஒரு வார்த்த திட்டல. "வூட்ட மாத்துனா, வேலைக்கு போனவங்ககிட்ட சொல்லிட்டு மாத்தணும் தம்பி"ன்னாரு.

பஸ் கண்ணாடி

ஒரு நாளு ரெண்டாம் பெட்டில கூட்டம் பிரிஞ்சிடுச்சி. பழைய ராணி பாதி சனத்த கூட்டிகினு போயி கம்பெனி பஸ் கண்ணாடில கொத்தா தொங்கிச்சி. பஸ்ட் ஷிப்ட்டு வுடுற நேரம். வெளிய நூறு பேரு, எவனும் ஏற மாட்டேன்றான்.

ஏகாம்பரம் அண்ணனும் அதே பஸ்லதான் குன்றத்தூர் போவணும். அவரு சம்சாரத்துக்கு இருங்காட்டுக்கோட்டைல செகண்ட் ஷிப்ட்டு. இவரு போயி மூணு வயசு பொண்ண வாங்கிகினாதான் அந்தம்மா கெளம்ப முடியும். அதுக்காகவே செக்யூரிட்டி ஏஜென்சில கெஞ்சி, எப்பவும் பஸ்ட் ஷிப்ட்டுன்னு வாங்கி வெச்சிருந்தாரு. அன்னிக்கி வூட்டுக்கு போன் போட்டு லேட்டாவும்னு சொல்லிட்டு, கண்ணாடிக்கு கீழ காலி பெட்டிய ரெண்டு கையால புடிச்சிகினு நின்னாரு. நான் மெதுவா கூட்டத்த உள்ள வழிச்சி போட்டேன். டிரைவரு எட்ட நின்னு கேட்டாரு: "இதுங்கள்லாம் எந்த டிபார்ட்மெண்ட்டுப்பா, பஸ் பாஸ் கீதா?"

கொசுப்புகை

சித்திர மாசம். கம்பெனில காலைல ஆறு மணிக்கு கொசுப்புகை அடிக்கிறாங்க. வெளிச்சம் வரதுக்குள்ள, ஈ எல்லாம் உள்ள இருக்கும்போதே பெட்டி வாசல மூடணும். புகை கலைஞ்சதும் தொறந்துடணும். அன்னிக்கி மூணையும் மூடிட்டு டீக்கடைக்கு போனேன். அங்க நாலு பேரு. பஸ் பாஸ் கதைய சொன்னேன். வுழுந்து வுழுந்து சிரிச்சானுங்க. இன்னொரு தபா சொல்ல சொன்னானுங்க. சொன்னேன். அப்படியே ஒருத்தன் பைக்ல ஏறி படப்பைக்கு போயிட்டேன்.

திரும்பி வரும்போது மணி பன்னெண்டு. பெட்டிக்கு அடில தேன் ஒழுகிகினு இருந்திச்சி. உள்ள சூடு தாங்காம அடையெல்லாம் எளகி வுழுந்து, அதுலயே அதுங்க கெடந்திச்சிங்க. ஒண்ணொண்ணுலயும் காது வெச்சி பாத்தேன். மூணுலயும் சத்தமே இல்ல.

யாரு தொறக்க வேண்டியதுன்னு மேனேஜர் சார் கேட்டாரு. அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் போனேன்னேன். காலைலேர்ந்து கேட்டுல லாரி லாரியா எண்ட்ரி போட்டுகினு இருந்த ஏகாம்பரம் அண்ணன், என்னிய ஒரு தபா பாத்தாரு. அப்புறம் தொப்பிய கழட்டி கைல வெச்சிகினு சார்கிட்ட சொன்னாரு: "பெட்டி என் கண்ணு முன்னாடிதான் சார் இருந்திச்சி."

ஷேர் ஆட்டோ

ஏஜென்சி அவர வேற கம்பெனிக்கு மாத்திடுச்சி. இப்ப வாரம் ஒரு ஷிப்ட்டு. பொண்ண பாத்துக்க ஆளில்லாம அந்தம்மா வேலைய வுட்டுடுச்சி. எனக்கு மூணு புது பெட்டி குடுத்தாங்க.

போன வாரம் படப்பைல ஷேர் ஆட்டோ ஏறுனா, எதிர்ல அண்ணன், மடில பொண்ணு. பொண்ணுக்கு ஈ மாதிரி சத்தம் போட்டு காட்டுனேன். பொண்ணு சிரிச்சிச்சி. அவரும் லேசா சிரிச்சாரு. எறங்கும்போது பொண்ண தோள்ல போட்டுகினு கேட்டாரு: "புது பெட்டிக்கு காவலு யாரு தம்பி, அவங்ககிட்டயாவது சொல்லிட்டு போறியா?"

நாள் பூரா ஓயாத வாயி எனக்கு, ஆனா பெட்டிய மூடுன அன்னிக்கி காலைல அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, சொல்லலன்றத இன்னி வரைக்கும் சார்கிட்டயும் சொல்லல.