முடிவு வராத பரிசோதனையும் சத்தம் வராத ஜெபமும்

என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த அந்த மே மாதம். வேறு ஆளாக இருந்தால் ஒரு மாத்திரையைப் போட்டு, கொஞ்சம் கஞ்சி குடித்து, படுத்துத் தேறியிருப்பார். இவருக்கு அது முடியாது. இரண்டு கிட்னியும் பழுதாகி, திங்களும் வியாழனும் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துதான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு நான் காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் திங்கட்கிழமை.

என் பெயர் லில்லி பாய். தக்கலைக்குப் பக்கம் ஒரு கிராமம். அவர் பெயர் தேவதாஸ், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரையே கூவிக் கூவி ஏற்றியவர், வீட்டுக்குள் வந்தால் வாயே திறக்கமாட்டார். அந்தக் குறை தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன். எனக்குப் பெரிய தொண்டை. விடிந்ததும் அடுக்களை வாசலில் முழங்கால் போட்டு, வாய்விட்டு ஜெபிப்பது கல்யாணமான நாளிலிருந்து என் வழக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தங்கலிங்கம் அண்ணன் அய்யாவழிக்காரர், எங்கள் வேதம் இல்லை. வாழைக்குலை ஏற்றுகிற டெம்போ வைத்திருக்கிறார். "லில்லி, ஒனக்க ஆண்டவருக்குக் காது கொஞ்சம் மந்தமா?" என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். நானும் விடமாட்டேன். "அவருக்கு நல்லாக் கேக்கும் அண்ணே, ஒங்களுக்கும் கேக்கட்டும்னுதான்" என்பேன். பத்து வருடத்துக்கு மேலாக இந்தப் பேச்சு இப்படியே நடந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போல எங்கள் சபைக்கார கில்பர்ட்டின் ஆட்டோவில்தான் போனோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். அவ்வளவுதான். "காய்ச்சல் இருக்கு, உள்ள விட முடியாதும்மா. மத்த பேஷண்ட் எல்லாம் இருக்காங்க. டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ்னு ரிசல்ட் கொண்டுவாங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உள்ளே படுத்திருக்கிறவர்களும் யாரோ ஒருத்தியின் கணவர்தானே. ஆனால் அந்த டெஸ்ட்டை எங்கே எடுப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு லேபுக்குப் போனோம். டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்கமாட்டோம் என்றார்கள். நாங்கள் எப்போதும் பார்க்கிற டாக்டரின் கிளினிக் பூட்டிக் கிடந்தது. இன்னொரு டாக்டரின் வாசலில் நின்றிருந்த ஆள், காய்ச்சல் என்றதும் இரண்டடி பின்னால் போய், டெஸ்ட் எடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் டாக்டர் பார்ப்பார் என்றார். டெஸ்ட் எடுக்கச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு டாக்டர் வேண்டும். டாக்டரைப் பார்க்க டெஸ்ட் வேண்டும். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். புளியமரத்தடியில் ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. எங்களுக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கும்போதே ஒருவர் வெளியே வந்து, இன்றைக்கு வந்த கிட் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பக்கத்தில் இருந்த அம்மாள், எடுத்தாலும் முடிவு வர மூன்று நாளோ நான்கு நாளோ ஆகும் என்றாள். அவளுடைய தம்பிக்கு முடிவு வருவதற்கு முன்பே ஆள் போய்விட்டானாம். அவள் அழாமல் அதைச் சொன்னாள்.

டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்புக்குள் போகிற தண்ணீர் வெளியே போகாது. முதலில் கால் வீங்கும். அப்புறம் முகம். அப்புறம் தண்ணீர் நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்துதான் தண்ணீர் கொடுப்பேன். அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, ஒரு மடக்கு வெள்ளம் தா" என்றார். ஒரு ஐஸ் கட்டியை அவர் நாக்கில் வைத்தேன். வாய் திறந்து எதையும் கேட்காத மனிதர் கேட்டது ஒரு வாய்த் தண்ணீர், அதைக்கூடக் கொடுக்க முடியவில்லை. குவைத்திலிருந்து மகன் போனில் அழுதான். விமானமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் அவனைத் தேற்றிவிட்டுப் போனை வைத்தேன்.

அன்று சாயங்காலம் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஜெபக்குறிப்பு போட்டேன். "என் கணவருக்குக் காய்ச்சல். கொரோனா டெஸ்ட் எடுக்க முடியாமல் அலைகிறோம். நாளைக்காவது டெஸ்ட் நடக்க எல்லாரும் ஜெபித்துக்கொள்ளுங்கள்." இவ்வளவுதான் எழுதினேன். கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஆமென், ஆமென் என்று வந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில் பால்காரர் வரவில்லை. கில்பர்ட்டின் போன் சுவிட்ச் ஆஃப். திரும்பத் திரும்ப அடித்தேன், சுவிட்ச் ஆஃப். கொஞ்ச நேரத்தில் பஞ்சாயத்திலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டுக்கு வெளியே பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். "பாசிட்டிவ்னு கேள்விப்பட்டோம். வெளிய எறங்கக்கூடாது, கேட்டியளா?" என்றார் ஒருவர். "டெஸ்ட்டே எடுக்கல்லியே, பின்ன எப்பிடி பாசிட்டிவ்?" என்று நான் கத்தினேன். அவர்கள் மீதிப் பவுடரையும் தூவிவிட்டுப் போனார்கள். என் ஜெபக்குறிப்பு எத்தனை வாய் தாண்டிப் போனதோ, போகிற வழியில் "டெஸ்ட் எடுக்க" என்பது உதிர்ந்துபோய் "கொரோனா" மட்டும் மிஞ்சியிருக்கிறது. டெஸ்ட் எடுக்காமலே எங்களுக்கு ரிசல்ட் வந்துவிட்டது. ஜெபிக்கச் சொன்னதற்கு இதுதானா ஆண்டவரே பலன் என்று நான் கேட்டேன். உண்மையாகவே கோபத்தில் கேட்டேன்.

அன்று முழுவதும் எங்கள் தெருவில் ஒருவரும் எங்கள் வீட்டைக் கடந்து போகவில்லை. சுற்றிப் போனார்கள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை விடிந்தது. அது அவருடைய அடுத்த டயாலிசிஸ் நாள். போன தடவை செய்து ஒரு வாரம் ஆகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். கண் வீங்கி இடுங்கிப் போயிருந்தது. வழக்கம்போல அடுக்களை வாசலுக்குப் போய் முழங்கால் போட்டேன். வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சத்தம் வரவில்லை. எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தேன். வீங்கிய அந்தக் கால்மேல் நெற்றியை வைத்தேன். உதடு மட்டும் அசைந்தது. "ஆண்டவரே, ஒரு ஆள்கூட எட்டிப்பார்க்காத வீட்டில் இவரைச் சாகவிடாதேயும். ஆளில்லாமல் இவரை அனுப்பாதேயும்." அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. சுகம் தாரும் என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

வெளியே யாரோ கேட்டைத் தட்டினார்கள்.

தங்கலிங்கம் அண்ணன். நெற்றியில் வெள்ளை நாமம், வாயில் துண்டைக் கட்டியிருந்தார். பிளீச்சிங் பவுடரை மிதித்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளேயே வந்து நின்றார்.

"எளவு, இண்ணைக்கு ஒனக்க சத்தத்தைக் காணல்லியே லில்லி. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அதான் வந்தேன். சாருக்கு எப்பிடி இருக்கு?"

நான் விஷயத்தைச் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அவர் எட்டி உள்ளே பார்த்தார். திரும்பிப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் டெம்போ வாசலில் வந்து நின்றது. பின்னால் வாழைச்சருகு பரப்பி அதன்மேல் மெத்தை போட்டிருந்தார்.

"அண்ணே, ஊருல என்ன பேசுறானுவன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். எங்கள் குரூப்பில் அவர் இல்லை. தெரியாமல் வந்துவிட்டார், பிறகு சங்கடப்படுவார் என்று எனக்குப் பயம்.

"எல்லாம் தெரியும். செவ்வாய்க்கிழமை ராத்திரியே எனக்க வீட்டுக்காரி சொல்லியாச்சு. அதுக்கு இப்ப என்ன செய்ய? பையப் பைய பிடிச்சு ஏத்து மக்கா."

அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் போலீஸ் மறித்தது, அவரே பேசிச் சமாளித்தார். அங்கேயும் வரிசைதான். திறந்த டெம்போவில் வெயில் படாமல் ஒரு வாழையிலையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் வரிசையில் நின்றேன். டோக்கன் முடியப்போகிற நேரத்தில் எங்கள் முறை வந்தது. மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டுச் சளி எடுக்கிற நர்ஸ், தலையோடு கால் மூடிய அந்த உடுப்பில் வியர்த்து நின்றாள். "மாஸ்க்கை எறக்குங்க ஐயா" என்றாள். இவர் இறக்கினார்.

அவள் குச்சியை அப்படியே பிடித்தபடி நின்றாள். "அம்மா, இவருக்கு முகம் எப்பவும் இப்பிடியா?" என்று கேட்டாள்.

நான்கு நாளாக நாங்கள் ஏறி இறங்கின எந்த வாசலிலும் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. எல்லாரும் தூரத்தில் நின்றார்கள், இவர் முகத்தைத் துணி மூடியிருந்தது. டெஸ்ட்டுக்காக அதை இறக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெண் பார்த்தாள். டயாலிசிஸ் பேஷண்ட் என்றும், ஒரு வாரம் ஆகிவிட்டது என்றும் சொன்னேன். சளியை எடுத்துக் குப்பியில் போட்டாள். பிறகு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வந்து பார்த்து, எங்கெங்கோ போன் பண்ணினார். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் முடிவு வராத நோயாளிகளுக்கென்றே ஒரு டயாலிசிஸ் மிஷினைத் தனியாக வைத்திருக்கிறார்களாம். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. நெகட்டிவ் என்று காகிதம் கிடைத்தால்தான் பிழைப்பு என்று நினைத்து, அதற்காகவே வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறோம்.

ஆம்புலன்ஸ் வந்து எங்களை அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மிஷின் ஓட ஓட என் கணவருக்கு மூச்சு முட்டுவது குறைந்தது. கண் திறந்து என்னைப் பார்த்து, "தங்கலிங்கம் சாப்பிட்டாரா?" என்று கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அங்கே வார்டில் இன்னொரு தடவை சளி எடுத்தார்கள். கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. ஏதோ சாதாரணக் காய்ச்சல். முதலில் எடுத்தார்களே, அந்த டெஸ்ட்டின் முடிவு இன்றுவரை எங்களுக்கு வரவில்லை. எதற்காக அந்த வாரம் முழுவதும் நாய் படாத பாடு பட்டோமோ, அது வரவே இல்லை. ஆண்டவர் காகிதத்தைத் தரவில்லை, ஆளைத் தந்தார்.

என் கணவர் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். இப்போது இல்லை. அப்புறம் என்ன சாட்சி சொல்ல வந்துவிட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்து வெகுநாள் இதைச் சொல்லாமல் இருந்தேன். அவர் போனது ஒரு காலை நேரம், அவருடைய சொந்தக் கட்டிலில். மகன் லீவில் வந்திருந்தான், அவன் மடியில் தலை. போதகர் வந்து ஜெபித்து முடித்திருந்தார். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை வீடு கொள்ளவில்லை. தெரு முழுக்க நாற்காலி. அன்றைக்கு எங்கள் வீட்டைச் சுற்றிப் போனவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். விடியுமுன்பே வந்து பந்தலுக்குக் கயிறு கட்டியவன் கில்பர்ட். அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பால் விடாமல் ஒரு கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன், அழுதுகொண்டே குடித்தான். பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் ஒரு தோள் தங்கலிங்கம் அண்ணனுடையது. கல்லறைத் தோட்டம் வரைக்கும் மாற்றிக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆளில்லாமல் இவரை அனுப்பாதேயும் என்று உதட்டோடு கேட்டேனே, அந்த ஒரு வரிக்கு ஆண்டவர் கொடுத்த பதிலை நான் அந்தத் தெருவில் நின்று பார்த்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடிந்ததும் அடுக்களை வாசலில் முழங்கால் போட்டேன். மறுபடியும் வாய் வரவில்லை. அவர் இல்லாத வீட்டில் யாருக்காக என்ன கேட்பது? அப்படியே இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

"லில்லி, சத்தத்தைக் காணல்லியே."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாயைத் திறந்தேன்.

பிரியமானவர்களே, இப்போதெல்லாம் குரூப்பில் ஒரு ஜெபக்குறிப்பு வந்தால் நான் கூப்பிய கை போடுவதில்லை. அந்த வீட்டு வாசலில் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். உள்ளே போகக்கூடாத வியாதியாக இருந்தால் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறேன். உங்கள் தெருவிலும் தினமும் கேட்கிற சத்தம் ஒன்று இருக்கும். ஒரு காலையில் அது கேட்காவிட்டால் போய்ப் பாருங்கள். ஜெபிக்க வாய் வராத நிலைமையில் இதை வாசிக்கிறவர் யாராவது இருந்தால், பயப்படாதீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லாத நாளிலும் அவர் என்னை விடவில்லை. உங்களையும் விடமாட்டார்.

நாளைக்கும் விடிந்ததும் நான் ஜெபிப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிதான் ஜெபிப்பேன்.